மாப்பிள்ளையை விட்டுவிடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு சிறிய தனியார் பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்குப் பதினோரு ஆண்டுகளாகத் தலைவராக இருக்கிறேன். எனக்கு வயது 67. பள்ளியின் நிர்வாகக் குழுவில் கவர்னர்கள் என்ற பெயரில் ஒன்பது உறுப்பினர்கள் இருக்கவேண்டிய இடத்தில் இப்போது ஐந்து பேர்தான் இருக்கிறோம். சம்பளம் இல்லாத வேலை என்பதால் யாரும் முன்வருவதில்லை. எட்டு மாதமாக விளம்பரம் கொடுக்கிறோம். இரண்டு பேர் விசாரித்தார்கள், அப்புறம் பேச்சையே காணோம். என் மாப்பிள்ளை கணக்குத் தணிக்கையாளர். அவருக்கு இதில் பெரிய நாட்டமில்லை, நேரமும் குறைவு. ஆனாலும் நான் சொன்னால் மறுக்க மாட்டார். அவரிடம் இன்னும் பேசவில்லை. முதலில் அவரைச் சேர்த்துக்கொண்டு மற்ற இடங்களுக்கு ஆள் தேடலாமா?

பதில்: ஐயா, தொண்டு செய்ய ஆள் கிடைக்கவில்லை என்ற கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. இந்தக் காலத்தில் யாருக்கும் பொதுநலம் இல்லை என்று உங்களோடு சேர்ந்து நானும் பெருமூச்சு விடுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. “நான் சொன்னால் மறுக்க மாட்டார்.”

இதை மாப்பிள்ளையின் தகுதியாக எழுதியிருக்கிறீர்கள். அவரை எடுக்கவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அறக்கட்டளைப் பள்ளியின் கவர்னர் என்றால் சட்டப்படி அவர் அறங்காவலர். அறக்கட்டளைக்கு எது நல்லது என்று அவர் தன் சொந்தப் புத்தியால் முடிவெடுக்க வேண்டும். தலைவர் தவறான பக்கம் போனால் தடுக்க வேண்டும். உங்கள் அறக்கட்டளை கம்பெனியாகப் பதிவாகாமல் பழைய டிரஸ்ட் பத்திரத்திலேயே இருந்தால், கடன் முற்றும்போது அது அறங்காவலர்களின் சொந்தப் பணத்தையே தொடலாம். இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சொல்வீர்களா, இல்லை “சும்மா வந்து உட்காருங்கள்” என்பீர்களா?

காலமும் லேசானதல்ல. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி வந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், அறக்கட்டளைப் பள்ளிகளுக்கு இங்கிலாந்தில் இருந்த வணிகக் கட்டட வரிச் சலுகையும் போயிற்று. கட்டணத்தை ஏற்றுவதா, ஏழைப் பிள்ளைகளின் உதவித்தொகையை வெட்டுவதா, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், இன்னொரு பள்ளியோடு இணைவதா என்பதெல்லாம் உங்கள் மேஜையில் கிடக்கிற கேள்விகள். “மாமா, இந்தக் கணக்கு நிற்காது” என்று வியாழக்கிழமை கூட்டத்தில் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மனைவி பிள்ளைகளோடு உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர அவரால் முடியுமா?

சில ஆண்டுகள் நானும் ஒரு சிறிய பள்ளியின் அறங்காவலராக இருந்தேன். தலைவர் புது அரங்கம் கட்ட வேண்டும் என்றார். பொருளாளர் அவருடைய சொந்தத் தம்பி, என் பக்கத்து நாற்காலி. அவர் முன்னால் இருந்த வரவு செலவுத் தாளில் கோடைப் பருவத்துக்கான தொகையைச் சுற்றி பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். அது மைனஸ் தொகை. பேச்சு நடந்த நேரம் முழுக்க அவருடைய ஆள்காட்டி விரல் அந்த வட்டத்தின் மேலேயே இருந்தது. “எல்லோருக்கும் சம்மதம்தானே?” என்று அண்ணன் கேட்டதும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “சம்மதம்” என்றார். வட்டத்தைப் பார்த்திருந்த நானும் கை தூக்கினேன். இரண்டு ஆண்டில் அரங்கம் பாதியில் நின்றது, விளையாட்டு மைதானத்தை விற்றார்கள். அண்ணனும் தம்பியும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

நான் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவள். பெரியவர் சொல்லுக்கு மரியாதை வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். குடும்பத்துக்குள் விட்டுக்கொடுத்துப் போனால் நஷ்டமும் நம்மோடு போகும். ஊரார் பிள்ளைகளின் பள்ளியில் மாமனாருக்காக விட்டுக்கொடுத்தால் அந்த நஷ்டத்தைச் சுமப்பது அந்தப் பிள்ளைகள். உறவினர் இருவர் ஒரே குழுவில் இருக்கக் கூடாது என்று பொதுவாகச் சட்டம் சொல்லவில்லை, சரி. ஆனால் புதிதாக வரும் கவர்னரின் குற்றப் பின்னணிச் சான்று, அடையாள ஆவணம், நாட்டில் வேலை செய்யும் உரிமை எல்லாவற்றையும் சரிபார்க்கும் பொறுப்பைத் தனியார் பள்ளி விதிகள் தலைவரிடம்தான் கொடுத்திருக்கின்றன. உங்கள் மகளின் கணவருடைய கோப்பில் நீங்களே கையெழுத்திடுவீர்கள். ஆய்வுக்கு வருகிறவர் அதைப் பார்த்து என்ன நினைப்பார்?

இன்னும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மீதமிருக்கும் நான்கு பேரில் நீங்கள் சொன்னால் மறுக்காதவர்கள் எத்தனை பேர்? விசாரித்துவிட்டுக் காணாமல் போன இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டீர்களா? சம்பளம் இல்லாததுதான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். உங்கள் வருடாந்தரக் கணக்கு, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சேரிட்டி கமிஷனின் பதிவேட்டில் யாரும் பார்க்கும்படி கிடக்கிறது. விவரமான ஆள் போன் செய்வதற்கு முன்பே அதைப் படித்துவிடுவார். பதினோரு ஆண்டுகளாக ஒரே தலைவர் என்பதும் அவருக்குத் தெரிந்துபோகும். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் அறங்காவலராக நீடித்தால் அதைக் கடுமையாகப் பரிசீலித்து ஆண்டறிக்கையில் காரணம் சொல்லவேண்டும் என்று 2017இல் வந்த அறக்கட்டளை நிர்வாக நெறிமுறையே கேட்டது. எல்லாம் ஏற்கெனவே முடிவான இடத்தில் கை தூக்க மட்டும் யார் வருவார்?

அதனால் முதலில் நீங்கள் தலைவர் பதவியை விடும் தேதியைக் குறியுங்கள். அதை விளம்பரத்திலேயே போடுங்கள். “ஆர்வமுள்ளவர்கள் தேவை” என்ற பொத்தாம்பொதுவான வரியை எடுத்துவிட்டு, என்ன தெரிந்தவர் வேண்டும் என்று எழுதுங்கள்: கணக்கு, சட்டம், கட்டடம், குழந்தைப் பாதுகாப்பு. மாதம் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். அரசுப் பள்ளி கவர்னருக்கு வேலை நேரத்தில் அனுமதி கேட்கச் சட்ட உரிமை இருக்கிறது, உங்கள் கவர்னருக்கு அது கிடையாது. கூட்டத்தை இரவு ஏழு மணிக்குத் தள்ளுங்கள். ரீச் வாலண்டியரிங் அமைப்பு அறங்காவலர் பதவிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. பட்டயக் கணக்காளர் கழகமும் தன் உறுப்பினர்களுக்குத் தொண்டுப் பணிகளை விளம்பரப்படுத்துகிறது. மாப்பிள்ளையின் தொழிலில் இருக்கும் அந்நியர் ஒருவரை அங்கேயே தேடலாம். வருகிறவரை ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்காரவிடுங்கள். நேர்காணலை உங்களைத் தவிர வேறு இரண்டு கவர்னர்கள் நடத்தட்டும். உங்கள் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று அங்கே ஒருவர் சொன்னால் அவரைத் தவறவிடாதீர்கள்.

மாப்பிள்ளையிடம் இன்னும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேசாதீர்கள்.