எலைக்கு எவ்ளோன்னு கேட்டீங்க, எத்தனை எலைன்னு கேட்டீங்களா?

கேள்வி: அண்ணா வணக்கம், எங்களுக்கு காரிமங்கலம் பக்கம். ஆவணில அக்கா கல்யாணம், தருமபுரில மண்டபம் புடிச்சாச்சு, சாயங்காலம் ரிசப்ஷன் காலைல முகூர்த்தம். ரிசப்ஷனுக்கு 600 பேர் எதிர்பாக்குறோம். ஒரு சமையல் மாஸ்டர் எலைக்கு, அதாவது ஒரு ஆள் சாப்பாட்டுக்கு, 230 ரூபா சொல்றாரு, இன்னொருத்தர் அதே மெனுவுக்கு 280. அப்பா 230ஐயே முடிச்சிடலாம்ங்குறாரு. அப்புறம் பபே வைக்கலாமா?

பதில்: அட்வான்ஸ் குடுத்துடாதீங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க. ரேட்டுல போறத விட எலை கணக்குல தான் காசு போகும். எங்க வீட்டு விசேஷத்துல 500 எலைன்னு பேசிட்டு ராத்திரி 11 மணிக்கு 690 ஆச்சுன்னு வந்து நின்னாரு ஒரு மாஸ்டர், என்னன்னு பாத்தா மேளக்காரங்க, வீடியோக்காரங்க, அவரோட சப்ளை பசங்க சாப்ட்டது, கிழிஞ்ச எலை எல்லாம் அதுல சேத்தி. விடிஞ்சா முகூர்த்தம், யாரு சண்டை போடுவா, குடுத்துட்டோம். கணக்கு போட்டு பாருங்க, 230 ரூபா எலை 730 ஓடிச்சுன்னா 280 ரூபா மாஸ்டரோட 600 எலையும் அதுவும் ஒன்னு தான்.

அதனால எலைய நீங்களே வாங்கி எண்ணி வச்சுக்கங்க, மாமனோ மச்சானோ வாய் உள்ள ஆளு ஒருத்தர அது பக்கத்துல உக்கார வைங்க, கூடவே சாப்பாட்டு ஹால்ல எத்தனை சேர், எத்தனை பந்தி ஓடுச்சுன்னு குறிச்சிக்கிட்டா பெருசா ஏமாத்த முடியாது. அவங்க ஆளுங்க சாப்பாடு கணக்குல வராதுன்னு முதல்லயே பேசிடுங்க. 600ன்னு வாக்கு குடுக்காதீங்க, வளர்பிறை முகூர்த்தத்துல ஒரே நாள்ல நாலு கல்யாணம் இருக்கும், பாதி பேரு மொய் எழுதிட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடிடுவாங்க. 450க்கு பேசி, கூட்டம் பாத்து மேல ஏத்திக்கலாம்னு வைங்க.

அதே முகூர்த்தத்துல மாஸ்டருக்கும் மூணு ஆர்டர் இருக்கும், அவரே அடுப்புல நிப்பாரா இல்ல ஆள அனுப்புவாரான்னு கேளுங்க. டேஸ்ட் பாக்கணும்னா அவரு சமைக்கிற வேற கல்யாணத்துக்கு போய் கடைசி பந்தியில உக்காருங்க, முதல் பந்தி சாம்பார் எல்லாருக்கும் நல்லா தான் இருக்கும். இத நான் சொல்லி யாரும் செஞ்சதில்ல, வெக்கப்படுறாங்க!

மாஸ்டரோட எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், அதாவது உணவு பாதுகாப்பு லைசென்ஸ் இல்ல பதிவு நம்பர், 14 இலக்கம் இருக்கும், கேட்டு வாங்கிக்கங்க. ஜிஎஸ்டி ரேட்டுக்குள்ளயா தனியான்னும் கேட்டுடுங்க. பேசுனது எல்லாம் ஒரு வெள்ளைத் தாள்ல கையெழுத்தோட இருக்கணும், பின்னாடி நுகர்வோர் ஆணையத்துக்கு போகணும்னா 2 வருஷத்துக்குள்ள போகலாம், வாய்ப்பேச்ச வச்சிக்கிட்டு அங்க என்ன சொல்லுவீங்க.

பபே வேணாம். ஒரு ஆளு ரெண்டு தட்டு எடுப்பாரு, ரெண்டும் கணக்குல ஏறும், வயசானவங்க தட்ட புடிச்சிட்டு நிக்க இடம் தேடுவாங்க. பெங்களூர்ல இருந்து வர்ற அக்கா ஃப்ரெண்ட்ஸுக்காகன்னா ஓரமா ஒரு தோசைக்கல் போடுங்க, போதும்.