கழித்தல் கணக்கு

கேள்வி: போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமில் 40 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்ன பலகையை 1990இல் கழற்றிவிட்டு, பிறகு 15 லட்சம் என்று எழுதி வைத்தார்களாம். அப்படியானால் கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்பதிலும் 25 லட்சத்தைக் கழிக்க வேண்டாமா? காசாவில் இன்று நடப்பதைப் பார்த்தால் சந்தேகம் வலுக்கிறதே?
– பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு

பதில்: பலகையை மாற்றியது உண்மை. அந்த ஓர் உண்மையை வாசலில் தொங்கவிட்டுத்தான் உள்ளே பொய் வியாபாரம் நடக்கிறது.

40 லட்சம் என்பது 1945இல் சோவியத் விசாரணைக் குழு சொன்ன எண். உலைகளில் இத்தனை உடல்களை எரிக்க முடியும் என்ற கொள்ளளவை வைத்துப் போட்ட உத்தேசம். போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி போகும்வரை பலகையில் அதுவே நின்றது. வரலாற்றாசிரியர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ரவுல் ஹில்பெர்க் 1961இல் கொல்லப்பட்ட யூதர்களுக்குப் போட்ட மொத்தக் கணக்கு 51 லட்சம்; அதில் ஆஷ்விட்ஸின் பங்கு 10 லட்சம்தான். கூட்டலில் சேராத எண்ணை எப்படி ஐயா கழிப்பீர்கள்? பிற்பாடு அந்த முகாம் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் ஃபிரான்சிஷெக் பிப்பெர், வந்த ரயில்களை வைத்தே எண்ணிப் பார்த்தார். வந்தவர்கள் குறைந்தது 13 லட்சம், மாண்டவர்கள் 11 லட்சம், அதில் யூதர்கள் ஏறக்குறைய 10 லட்சம். புதுப் பலகையின் 15 லட்சமே கொஞ்சம் தாராளம்தான்.

சரி, பலகையை விடுங்கள். கொன்றவர்களே எழுதிய கணக்கு இருக்கிறது.

1943 ஜனவரி 11 அன்று ஹெர்மன் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) அதிகாரி போலந்தின் லூப்ளினிலிருந்து ஒரு தந்தி அனுப்பினார். ட்ரெப்ளிங்கா, பெல்செக், சோபிபோர், மைதானெக் ஆகிய நான்கு கொலை முகாம்களுக்கும் 1942 முடிய வந்து சேர்ந்தவர்கள் 12,74,166. பிரிட்டிஷ் ஒற்றுக்கேட்பில் சிக்கிய அந்தத் தாள், ஆவணக் காப்பகத்தில் 2000 வரை எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஆட்களை ஏற்றிப் போனதற்கு ஜெர்மன் ரயில்வே எஸ்.எஸ்.ஸிடம் மூன்றாம் வகுப்புக் கட்டணம் வாங்கியது. போகும் வழிக்கு மட்டும். 10 வயதுக்குள் அரை டிக்கெட், 4 வயதுக்குள் இலவசம். 400 பேருக்கு மேல் என்றால் சலுகைக் கட்டணம்!

ரயிலே ஏறாமல் செத்தவர்களின் கணக்கு தனி. லித்துவேனியாவில் சுட்டுத்தள்ளிய படைக்குத் தலைவன் கார்ல் யேகர். 1941 டிசம்பர் 1 அன்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினான். மளிகைக் கடைப் பேரேடு மாதிரி தேதி, ஊர், ஆண், பெண், குழந்தை என்று வரிசை. ஆகஸ்ட் 29, உடேனா, மொலேடாய்: யூத ஆண்கள் 582, பெண்கள் 1,731, குழந்தைகள் 1,469. ஆக 3,782. இப்படியே பக்கம் பக்கமாகப் போய், கடைசியில் மொத்தம் 1,37,346. இது பெரும்பாலும் ஒரு சின்ன நாட்டில், ஒரே படைப்பிரிவு, ஐந்து மாதத்தில் செய்த வேலை. கூட்டல் சரியாக இருக்கிறதா என்று வேண்டுமானால் பாருங்கள். கழிக்க அதில் எதுவும் இல்லை.

அப்புறம் காசா. இஸ்ரேல் அரசின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்துக்கு மொலேடாய்க் குழந்தைகள் என்ன செய்வார்கள்? அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள், போடுகிறோம். பெயரோடு.