1951 செவ்ரலே பிக்கப்பில் வி8 எஞ்சின் வைக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். 1951 செவ்ரலே அரை டன் பிக்கப் ஒன்று வாங்கினேன். பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் நெடுஞ்சாலையில் திணறுகிறது. அதை எடுத்துவிட்டு 350 கன அங்குல (5.7 லிட்டர்) வி8 வைக்கலாமா?

வைக்கலாம், இங்கே பலரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் வண்டி எதனால் திணறுகிறது என்று முதலில் பாருங்கள். என்னிடமும் அதே அரை டன் வண்டி, 3100 மாடல்தான் இருக்கிறது. எனக்கு வி8 தேவைப்படவில்லை.

உங்கள் வண்டியோடு வந்தது 216 கன அங்குல எஞ்சின். லிட்டரில் சொன்னால் மூன்றரைக்குக் கொஞ்சம் மேல், 92 குதிரைத்திறன். காலியாக ஓடும் பிக்கப்புக்கு இது போதும். உண்மையான தடை பின் ஆக்சிலில் இருக்கிறது. அதன் விகிதம் 4.11, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.11 முறை சுற்ற வேண்டும். பண்ணையிலிருந்து சுமை ஏற்றி மெதுவாகப் போவதற்குப் போட்ட கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) அது. மணிக்கு 60 மைலைத் தொடும்போது எஞ்சின் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3,000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தச் சுற்றில் 216-ஐ மணிக்கணக்காக ஓட்டக் கூடாது. பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகளுக்கு பம்ப் அழுத்தத்தில் எண்ணெய் போவதில்லை. ஒவ்வொரு ராடின் அடியிலும் சின்னக் கரண்டி மாதிரி ஒன்று உண்டு. கீழே உள்ள தொட்டியில் எண்ணெயை அள்ளி மேலே தருவது அதுதான். பேரிங்கும் ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகத்தை ஊற்றிச் செய்தது. ஊருக்குள் ஓட்டினால் பல வருடம் உழைக்கும். நெடுஞ்சாலையில் விரட்டினால் ராடு தட்ட ஆரம்பித்துவிடும், அப்புறம் எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும்.

அதனால் நான் போட்டது அதே குடும்பத்தின் 235 கன அங்குல எஞ்சின். அளவில் 3.9 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1954 முதல் வந்த 235-களில் பேரிங் வரைக்கும் அழுத்தத்தில் எண்ணெய் போகும், அதுதான் முக்கியம். கூடுதல் இருபது குதிரைத்திறனை இனாமாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஏமாறாமல் இருக்க எஞ்சினின் பக்கவாட்டு மூடியைப் பாருங்கள். 216-ல் அது ஸ்பார்க் பிளக்குகளையும் சுற்றி மேலே வரை ஏறியிருக்கும், பிந்தைய 235-ல் பிளக்குகளுக்குக் கீழேயே நின்றுவிடும். பிளாக்கில் உள்ள வார்ப்பு எண்ணையும் சரிபார்த்துவிடுங்கள்.

அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட முடியாது, சில ஒட்டு வேலைகள் உண்டு. 1955-க்குப் பிந்தைய எஞ்சினில் வாட்டர் பம்ப் வேறு மாதிரி இருக்கும், ஃபேன் ரேடியேட்டருக்குச் சரியாக நிற்காது. பழைய பம்பைப் பொருத்துவதற்கு அடாப்டர் தகடு கிடைக்கிறது. முன் மௌண்டிங் தகட்டையும் பழைய எஞ்சினிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும். 6 வோல்ட் ஸ்டார்ட்டரும் 12 வோல்ட் ஃப்ளைவீலும் பல் சேராது, இரண்டும் ஒரே ஜோடியாக இருக்கட்டும். இன்னொன்று: டேஷ்போர்டில் இருக்கும் எண்ணெய் அழுத்த மீட்டர் 30 வரைதான் காட்டும். புது எஞ்சினைக் கிளப்பியதும் முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டாம், மீட்டரை மாற்றினால் போதும்.

இதோடு பின் ஆக்சிலில் 3.55 கிரவுன் பினியன் மாற்றினேன். பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் போட்ட அந்தக் கால செவ்ரலே கார்களில் வந்த விகிதம் அது, உங்கள் ஆக்சில் கூட்டிலேயே உட்காரும். அதே 60 மைலில் சுற்று 2,600-க்கும் கீழே வந்துவிடும். வண்டியின் குணமே மாறியது எஞ்சினால் அல்ல, இதனால்தான் என்று சொல்வேன்.

261 என்று இன்னொரு அண்ணனும் இருக்கிறார், 4.3 லிட்டர், பெரிய லாரிகளுக்காக 1954-ல் வந்தவர். கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதற்கு 235-ன் ஹெட்டைப் போடுவதாக இருந்தால், நீராவி வெளியேறும் சிறு துளைகளை அதில் போட்டாக வேண்டும். சிலிண்டர்கள் நடுவில் தண்ணீர் போக வழியில்லாமல் ஒட்டி வார்த்த பிளாக் அது.

சரி, வி8-க்கு வருவோம். எடை கூடிவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். அது தவறு, இந்த இரும்பு ஆறு சிலிண்டரை விட சின்ன பிளாக் வி8 கொஞ்சம் எடை குறைவுதான். இடம்தான் இடிக்கும். இடது பக்க எக்சாஸ்ட் ஸ்டீயரிங் பாக்ஸோடு மோதும், பின்னால் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) நெருங்கும். இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. பெரிய செலவு அதற்குப் பின்னால் வரும். உங்கள் அரை டன் வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது. சக்கரம் வண்டியை முன்னால் தள்ளும் விசை அந்தக் குழாய் வழியாகத்தான் கியர் பாக்ஸுக்கும் மௌண்டிங்குக்கும் போகிறது. வி8-க்காகக் கியர் பாக்ஸை மாற்றினால் குழாய் போகும், குழாய் போனால் ஆக்சில் மொத்தமும் போகும். பிறகு ரேடியேட்டர், 12 வோல்ட் வயரிங் என்று பட்டியல் நீளும்.

பிரேக்கைத் தள்ளிப்போடவே கூடாது. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து கேபின் தரைக்கு அடியில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், பிரேக் எண்ணெய் போக ஒரே சுற்று. எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும். 5.7 லிட்டர் எஞ்சினை அந்த டிரம் பிரேக்கை நம்பி ஓட்டும் ஆளோடு நான் ஏற மாட்டேன். வி8 தான் வேண்டும் என்றால் முதலில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் முன்னால் டிஸ்க் பிரேக்கும் போடுங்கள், பணம் மிஞ்சினால் எஞ்சின் வாங்குங்கள்.

இதைப் படித்துவிட்டு ஊரில் இருக்கும் பழைய ஜீப்பில் கை வைக்க நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு குறுக்கே நிற்கும். தயாரித்தவர் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்சி புத்தகத்துக்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. அதே ரக எஞ்சினை மாற்றுவது வேறு, பெரிதாக வேறொன்றை வைப்பது வேறு. எஞ்சினைத் தூக்க செயின் புல்லியை மாட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.