ஒன்பது நகரக் கோயில்களுக்கும் சைக்கிளில் போக எத்தனை நாள் வேண்டும்?

கேள்வி: நாங்கள் திருச்சி. எனக்கு 53 வயது, மனைவிக்கு 49. தினமும் காலையில் 20 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறோம், இரண்டுமே கியர் சைக்கிள். தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் விடுப்பு கிடைக்கிறது. செட்டிநாட்டில் நகரத்தாருக்கு (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு) உரிய ஒன்பது நகரக் கோயில்களையும் சைக்கிளிலேயே பார்த்துவிட ஆசை. மூன்று நாள் போதுமா? எந்த வழியாகப் போகலாம், எங்கே தங்கலாம்? சைக்கிள் உடையோடு கோயிலுக்குள் விடுவார்களா?

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் ஒன்றுகூடி, அங்கிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடைப்பயணம் போகும். தலைமுறை தலைமுறையாக நடக்கும் யாத்திரை அது. அந்த நாட்களில் சாலையோரம் முழுக்க வெறுங்காலோடு நடப்பவர்கள்தான். அந்த ஓரம் அவர்களுக்கு உரியது. நீங்கள் அதில் மணியடித்துக்கொண்டு புகுவதும் சரியில்லை, அவர்களுக்காக நடுச்சாலைக்கு விலகி லாரிகளோடு ஓட்டுவதும் சரியில்லை. பூசம் முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து வாருங்கள். அப்போதும் காலையில் பனி இருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் நிறைந்து பார்க்க அழகாக இருக்கும்தான், ஆனால் மண்பாதைகள் சொதசொதவென்று கிடக்கும். பங்குனி பிறந்துவிட்டால் ஒன்பது மணிக்கே தார் ரோடு கொதிக்க ஆரம்பித்துவிடும்.

அடுத்தது, மூன்று நாளா நான்கு நாளா என்பது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பதும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடும். தினமும் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. பூமியும் பெரும்பாலும் சமதளம்தான். இங்கே உங்களை நிறுத்தப்போவது தூரம் அல்ல, நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணி வாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். கூட்டம் அதிகம் வராத சின்ன ஊர்க் கோயில் என்றால் குருக்கள் காலப் பூஜையை முடித்துவிட்டு இன்னும் முன்னதாகவே பூட்டிக்கொண்டு போய்விடுவார்.

எனக்கே இது ஒரு நாள் பட்டுத் தெரிந்ததுதான். இளையாத்தங்குடிக்கு 12 மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. காலையில் ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போய்விட்டது. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் வண்ணக் குழம்பை ஊற்றி, கையை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பூவை வரவழைக்கிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் கொட்டிச் சமப்படுத்துகிறார்கள். ஒன்று முடிந்ததும் போகலாம் என்று பார்த்தால் அடுத்ததைத் தொடங்கிவிடுவார்கள். கால் நகராது. அதற்கு விலையாக நான்கு மணி வரை கோயில் வாசல் நிழலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கடை கிடையாது, பாட்டிலில் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து என் கணக்கு எளிது: காலை 5.30க்குக் கிளம்ப வேண்டும், 11 மணிக்குள் கோயில்களை முடிக்க வேண்டும், 11.30க்குச் சாப்பாட்டுக் கடை இருக்கும் ஊருக்குள் நிற்க வேண்டும், மூன்றரைக்குமேல்தான் மறுபடி மிதிக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஒன்பது கோயில்களுக்கு மூன்று நாள் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு முழு நாளோடு முன்னால் ஒரு மாலையும் கடைசியில் ஒரு காலையும் சேர்த்து நான்கு நாளாக வைத்துக்கொண்டால் நிம்மதியாக முடியும்.

வழியைச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு ரயில் இருக்கிறது. சைக்கிளைப் பார்சலில் பதிவு செய்யலாம், ஆனால் அது நீங்கள் போகிற ரயிலிலேயே வந்து சேர வேண்டுமென்று கட்டாயம் இல்லை. அதற்காக ஒரு நாள் காத்துக் கிடப்பதைவிட, இரண்டு சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொண்டு மதியத்துக்குள் வந்துவிடுங்கள். காரைக்குடியிலேயே அறை எடுங்கள். கானாடுகாத்தானில் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். அழகுதான், வாடகையும் அதற்கேற்றபடி இருக்கும். விடியலில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர்களுக்கு அந்த வாடகை வீண்.

வந்த அன்று மாலை மாத்தூரும் இலுப்பைக்குடியும். இரண்டும் ஊருக்குப் பக்கத்திலேயே, ஒன்றையொன்று ஒட்டினாற்போல இருப்பவை. மாத்தூரில் ஐந்நூற்றீசுவரர், இலுப்பைக்குடியில் தான்தோன்றீசுவரர். சைக்கிள் சரியாக இருக்கிறதா, இருக்கை உயரம் மாறிவிட்டதா என்று சோதித்துப் பார்க்கவும் இந்தச் சின்னச் சுற்று உதவும்.

மறுநாள் மேற்கே. முதலில் குன்றக்குடி. ஒன்பதில் சேராதது, ஆனாலும் விடாதீர்கள். வெயிலுக்கு முன்னால் படியேறிச் சண்முகநாதரைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்ததும் மலையடிவாரத்தில் இருக்கும் குடைவரைகளையும் பாருங்கள். மேலே மட்டும் போய்விட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். பத்து கிலோமீட்டர் மிதித்த காலோடு படியேறும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அதனால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கும் நேமம், அதன்பின் பிள்ளையார்பட்டி.

பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகர் பாறையிலேயே செதுக்கப்பட்டவர். சுமார் ஆறடி உயரம், இரண்டே கை, வலம்சுழித்த துதிக்கை. ஞாயிற்றுக்கிழமையும் சங்கடஹர சதுர்த்தியும் இல்லாத நாளாகப் பார்த்துப் போனால், வரிசையில் தள்ளுமுள்ளு இல்லாமல் நின்று பார்க்கலாம். உள்ளே குடைவரையில் ஒரு பழைய கல்வெட்டும் இருக்கிறது, அதில் இருப்பது பெருந்தச்சன் ஒருவனின் பெயர். கோயில் கட்டியவர் பெயர் எங்கும் கிடைக்கும், உளி பிடித்தவன் பெயர் அபூர்வம். குருக்களிடம் கேட்டால் காட்டுவார்.

அங்கிருந்து வைரவன்பட்டி நான்கைந்து கிலோமீட்டர்தான். வளரொளிநாதர் கோயில், ஆனால் ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவர் வைரவர். கல்வேலையைப் பார்க்க ஒரு அரைமணி நேரமாவது வையுங்கள். அதை முடித்துத் திருப்பத்தூர் போய்ச் சாப்பிட்டு, அங்கேயே அறை போட்டு ஓய்வெடுங்கள். இங்கே இருக்கும் திருத்தளிநாதர் கோயில் பாடல் பெற்ற தலம். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்டதும் இந்த ஊரில்தான். மாலையில் தெம்பு இருந்தால் திருக்கோஷ்டியூர் போய் வாருங்கள், சிவகங்கை சாலையில் பத்து கிலோமீட்டருக்குள்தான். குருவிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை, தனக்கு நரகம் கிடைத்தாலும் பரவாயில்லை என்று ராமானுஜர் ஊருக்கே உரக்கச் சொன்ன தலம். மாசி மகத் தெப்பத்தின்போது இந்தப் பக்கம் சைக்கிளோடு வர வேண்டாம், நிற்கக்கூட இடம் இருக்காது.

மூன்றாம் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்த சுற்று. திருப்பத்தூரிலிருந்து இரணியூர், அங்கிருந்து கீழச்சிவல்பட்டி வழியாக இளையாத்தங்குடி, பிறகு ஆத்தங்குடி, கானாடுகாத்தான், கடைசியாகக் காரைக்குடி. எல்லாம் சேர்த்து 50லிருந்து 55 கிலோமீட்டர். வண்டிகள் குறைவு, இரண்டு பக்கமும் செம்மண், இடையிடையே ஊரணிகள். இரணியூரில் ஆட்கொண்டநாதர், இளையாத்தங்குடியில் கைலாசநாதர். ஒன்பதில் இளையாத்தங்குடியே மூத்தது என்பது நகரத்தார் வழக்கு. காஞ்சி மடத்தின் 65ஆவது பீடாதிபதியின் அதிஷ்டானமும் (சமாதியும்) அங்கேதான் இருக்கிறது. என்னைப் போல ஏமாறாமல், கோயில் இரண்டையும் முதலில் முடித்துவிட்டு ஆத்தங்குடிக்குப் போங்கள். அதன்பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் டைல்ஸ் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

நான்காம் நாள் காலையில் மீதமிருக்கும் சூரைக்குடியும் வேலங்குடியும். காரைக்குடியிலிருந்து போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இந்தக் கோயில்களைச் சுற்றுலா இடங்களாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். நகரத்தார் ஒவ்வொருவரும் இந்த ஒன்பதில் ஒன்றைச் சேர்ந்தவர். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு மாலையே கோயிலிலிருந்துதான் வரும். நீங்கள் நுழையும்போது ஒரு குடும்பம் தங்கள் வீட்டுக் காரியமாக அங்கே நின்றுகொண்டிருக்கலாம். ஒதுங்கி நின்று, அவர்கள் முடித்த பிறகு போங்கள்.

உடை விஷயத்துக்கு இதுவே பதில். இறுக்கமான சைக்கிள் கால்சட்டையோடு உள்ளே போகாதீர்கள், யாரும் தடுக்காவிட்டாலும் போகாதீர்கள். உங்களுக்கு ஒரு மெல்லிய ஒட்டிக்கோ வேட்டி, கால்சட்டைக்கு மேலேயே கட்டிக்கொள்ளலாம். உங்கள் மனைவிக்குப் பருத்திச் சுடிதார் போட்டே ஓட்டுவது சுலபம். பேண்ட் கால் சங்கிலியில் மாட்டாமல் ஒரு ரப்பர் பட்டை போட்டால் போதும், துப்பட்டாவைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஷூவைவிடச் செருப்பு நல்லது, ஒரு நாளில் நான்கைந்து முறை கழற்ற வேண்டியிருக்கும். சைக்கிளைச் செருப்பு பார்த்துக்கொள்பவரிடமோ பூக்கடைக்காரரிடமோ சொல்லிவிட்டுப் பூட்டிவிட்டுப் போங்கள். திரும்பும்போது அவரிடம் ஒரு முழம் பூ வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. இந்தச் சீமையில் சைக்கிளுக்கு எமன் சீமைக்கருவேல முள். கண்மாய்க் கரையிலும் ரோட்டோரத்திலும் அதுதான். வெட்டிய கிளைகளை ரோட்டில் இழுத்துப் போவதால் முள் சிதறிக் கிடக்கும். ஆனாலும் என் அனுபவத்தில் ஓட்டும்போது ஆவதைவிட, நிழலுக்காக மரத்தடியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தும்போது ஆகும் பஞ்சர்தான் அதிகம். நிழல் வேண்டுமென்றால் நீங்கள் மரத்தடிக்குப் போங்கள், சைக்கிள் தாரிலேயே நிற்கட்டும்.

பஞ்சர் ஆனால் டியூபை மாற்றிவிட்டு உடனே காற்றடிக்காதீர்கள். முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் விரல் கிழியும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சின் நூல் ஒன்று சிக்கி நிற்கும். அதை வெளியே தள்ளி, மறுபடி ஒரு சுற்றுப் பஞ்சு ஓட்டிவிட்டுத்தான் டியூபைப் போட வேண்டும். இல்லையென்றால் புது டியூபும் அரைக் கிலோமீட்டரில் போய்விடும்.

ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டுப்போடும் சாமான், ஒரு கைப்பம்பு வேண்டும். உங்கள் கியர் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வாக இருந்தால் கட்டாயம் ஒரு பித்தளை அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அது இல்லாமல் பொருந்தாது. டயர் 35 மில்லிமீட்டராவது அகலமாக இருக்கட்டும், ஊர்ச் சாலைகளில் சரளை கிடக்கும்.

தையில் அறுவடை நடக்கும், ரோட்டிலேயே கதிரைப் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் மிதித்துக்கொண்டு போனால் வைக்கோல் பின்சக்கரப் பல்லுக்குள் சுற்றிக் கியரை இறுக்கிவிடும். நெல்லும் அவர்களுடைய உழைப்பு. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள், ஐம்பது அடிதான் இருக்கும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். மூன்றாம் நாள் சுற்றில் கடைகள் குறைவு என்பதால் கீழச்சிவல்பட்டியில் நிரப்பிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குத் திருப்பத்தூர் அறையும் பிள்ளையார்பட்டியும்தான் வசதி. சின்னக் கோயில்களில் வசதி இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். உங்கள் மனைவியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் தினசரி இருபதை ஒருநாள் மட்டும் ஐம்பதாக்கி, பையையும் மாட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். இருவருக்கும் இடுப்பும் உள்ளங்கையும் வலிக்காமல் இருந்தால் மூன்றாம் நாள் சுற்றைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வலித்தால் அன்று மதியம் ஆத்தங்குடியோடு சைக்கிளை நிறுத்திவிட்டு, மிச்சத் தூரத்துக்கு ஒரு லோடு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள்.