ஒரு கனிமத்தின் வயதை வைத்து, இல்லாமல் போன கடலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "இத்தனை கோடி ஆண்டுக்கு முன் ஒரு கடல் மூடிக்கொண்டது, இரண்டு கண்டங்கள் மோதின என்கிறார்கள். அந்தக் கடலே இன்று இல்லை. ஒரு சின்னக் கனிமத்தை வைத்து இதையெல்லாம் எப்படிச் சொல்ல முடியும்? அடித்துவிடுகிறார்களா?"

அடித்துவிடவில்லை. ஆனால் சந்தேகம் நியாயமானதுதான். கனிமம் தன் வயதை மட்டும்தான் சொல்லும். இங்கே கடல் இருந்தது என்பது அதிலிருந்து நாம் செய்யும் அனுமானம். நிலவியலில் எம்.எஸ்ஸி முடித்து, இப்போது சென்னையில் வேறு வேலை பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடலடித் தரையையே நேராகப் போய்ப் பார்க்கலாமே என்றால், அது நிலைப்பதில்லை. பெருங்கடல்களின் இன்றைய தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேல் பழைய பாறை கிடைப்பது அரிது. மற்றதெல்லாம் கண்டங்களுக்கு அடியில் சொருகிப் போய்விட்டது. அதனால் பழைய கடலுக்கான சாட்சியைக் கரையில்தான் தேட வேண்டும்.

பெரும்பாலும் அந்தச் சாட்சி சிர்க்கான் என்ற சிறு கனிமம். சிர்க்கான் படிகமாக வளரும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டத்தட்ட உள்ளே விடவே விடாது. ஆக, இன்று அதற்குள் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235-க்கு 70 கோடி ஆண்டு. ஒரே துகளுக்குள் இரண்டு தனித்தனிக் கணக்கு ஓடுகிறது. இரண்டும் ஒரே விடை தந்தால் நம்பலாம். நடுவில் சூடேறி ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அப்படிப் பல துகள்கள் கிடைத்தால், அவை எப்போது பிறந்தன, எப்போது அடிவாங்கின என்ற இரண்டையுமே பல சமயம் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு சிர்க்கான் உள்ள பாறை ஒன்றும் தூரமில்லை. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கம் கிடக்கும் கறுத்த கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. நமக்கு அது ஜல்லி, அவ்வளவுதான்! இந்தப் பாறைகளில் உள்ள சிர்க்கான் சுமார் 250 கோடி ஆண்டு காட்டுகிறது.

வேலை பொறுமையைச் சோதிக்கும். பாறையை நொறுக்கிச் சலித்து, அரிசியில் கல் அரிக்கிற மாதிரி தண்ணீரில் அரித்துக் கனமான துகள்களைத் தனியாக்க வேண்டும். காந்தத்தில் இழுபடுவதை நீக்கிவிட்டு, மிச்சத்திலிருந்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அப்புறம் எபாக்ஸியில் பதித்து, பாதி ஆழம் வரை தேய்த்து பாலிஷ் போட்டு, எலெக்ட்ரான் கற்றையில் படம் எடுப்பார்கள். நடுவே ஒரு பழைய கருவும், சுற்றிலும் பின்னால் வளர்ந்த ஓரமும் தெரியும். வயதை அளக்கத் துகளைச் சுரண்டும் லேசர் புள்ளியின் அகலம் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் முப்பது பங்கு) அளவுதான் என்பதால் கருவுக்கு ஒரு வயது, ஓரத்துக்கு ஒரு வயது என்று தனித்தனியாக எடுக்க முடிகிறது.

சரி, இதில் கடல் எங்கே வந்தது? கடல்தரை கண்டத்துக்கு அடியில் இறங்கும்போது தன்னோடு தண்ணீரையும் கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீர் மேலே உள்ள மேன்டில் (பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) பாறையின் உருகுநிலையைக் குறைக்கும். பாறைக்குழம்பு மேலேறி, எரிமலை வரிசையாகவும் கிரானைட்டாகவும் உறையும். அதில் சிர்க்கான் வளரும். ஆகவே அந்த வகை கிரானைட்டுகளின் வயது வரிசை, கடல் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தைக் காட்டுகிறது. கண்டமே வந்து மோதியதும் அந்த எரிமலைகள் ஓய்ந்துவிடும். மேலோடு தடித்து, அழுத்தமும் சூடும் ஏறி, சிர்க்கானின் ஓரங்களும், வயது காட்டும் இன்னொரு கனிமமான மோனசைட்டும் புதிதாக வளரும். அந்த வயது மோதலின் வயது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இமயமலை. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெத்திஸ் என்ற கடல் இருந்தவரை, இந்தியாவின் வடக்குக் கரையில் படிந்த மணலில் பழைய இந்தியப் பாறைகளின் சிர்க்கான்தான் இருக்கும். ஆசியக் கரையில் உருவான எரிமலைப் பாறைகளின் சிர்க்கானோ பெரும்பாலும் 10 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. நடுவே கடல் இருக்கும்வரை அது இந்தப் பக்கம் வர வழியில்லை. இந்தியக் கரையின் படிவுகளில் அந்த இளைய துகள்கள் தலைகாட்டும் இடத்தில், இடையிலிருந்த கடல் மூடிவிட்டது என்று அர்த்தம். லடாக்கின் சோ மோரிரி ஏரிப் பக்கம் வேறொரு சாட்சியும் கிடைக்கிறது. இந்தியத் தட்டின் பாறையே 90 கிலோமீட்டருக்கும் கீழே போய்த் திரும்பியிருக்கிறது. அங்கே கோயசைட் என்ற, அந்த அழுத்தத்தில் மட்டும் உண்டாகும் குவார்ட்ஸ் வடிவம் இருக்கிறது. அந்தப் பாறையின் சிர்க்கான் ஏறத்தாழ 5 கோடி ஆண்டு காட்டுகிறது. இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே காலத்துக்குக் கொண்டுவருவதால்தான் இமயமலைக் கதையை நம்புகிறேன். ஒற்றை வயதை மட்டும் வைத்துக்கொண்டு கடலை வரைந்தால் நம்ப மாட்டேன்.

நம் ஊர்க் கதை இவ்வளவு சுத்தமாக இல்லை. பாலக்காட்டிலிருந்து காவிரியை ஒட்டி நாமக்கல், கரூர் வரை ஓடும் உடைசல் பட்டையை, கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது மொசாம்பிக் கடல் என்ற பழைய கடல் மூடி, இரு கரைகளும் ஒட்டிய தையல் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். காலம் சுமார் 55 கோடி ஆண்டு. அங்கே மணமேட்டில் பழைய கடல்தரையின் மிச்சம் என்று கருதப்படும் பாறைகள் 70, 80 கோடி ஆண்டு காட்டுகின்றன. தேவனூரில் அதே மாதிரியான இன்னொரு தொகுதி 250 கோடிப் பக்கம் போகிறது. அப்படியானால் ஒரே பட்டையில் இரண்டு கடல்கள், இருநூறு கோடி ஆண்டு இடைவெளியில். எனக்கு இது சாத்தியம் என்றே படுகிறது. ஒரு முறை ஒட்டிய இடத்திலேயே மேலோடு மறுபடி பிளப்பது புதிதல்ல.

எதிர்த்தரப்பு கேட்பது: அந்த 55 கோடி ஆண்டு ஓரங்கள், பக்கத்துப் பாறை சூடேறியதால் மட்டும் வளர்ந்திருக்கக் கூடாதா? நல்ல கேள்வி. வயது எண் அதற்குப் பதில் தராது. ஓரத்தில் மிகக் கொஞ்சமாக இருக்கும் அருமண் தனிமங்களை (rare earths) அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் அந்த வகைப் பாறைகளில் கார்னெட் என்ற கனிமம் வளரும். கனமான அருமண் தனிமங்களைக் கார்னெட் முதலில் இழுத்துக்கொள்ளும். எனவே சிர்க்கானின் ஓரத்தில் அவை குறைவாக இருந்தால், அந்த ஓரம் வளர்ந்தபோது பக்கத்தில் கார்னெட்டும் இருந்திருக்கிறது, ஆக வெறும் சூடு மட்டுமல்ல, அழுத்தமும் ஏறியிருக்கிறது என்று பிடித்துவிடலாம்.