சைக்கிளில் மோட்டார் வைத்தேன், ஆர்.சி. எங்கே என்கிறார்கள்!

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். வில்லிவாக்கத்தில் இருக்கிறேன். ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா நின்ற பழைய 28 இஞ்ச் சைக்கிளில் 24 வோல்ட், 250 வாட் மோட்டார் பொருத்தி ஓட்டுகிறேன். மோட்டார் புதுப்பேட்டையில் வாங்கியது. கன்ட்ரோலரும் லித்தியம் செல்களும் ரிச்சி தெருவில். மோட்டாரின் கியர்பாக்ஸிலிருந்து நிமிடத்துக்கு 300 சுற்று வெளியே வருகிறது, அதில் 9 பல் ஸ்ப்ராக்கெட். பின்சக்கரத்தில் முதலில் 18 பல் ஃப்ரீவீல் போட்டேன். வேகம் போதவில்லை என்று 14 பல்லுக்கு மாற்றினேன். இப்போது பாடி மேம்பாலம் ஏறும்போது கன்ட்ரோலர் சுடுகிறது, அது வேறு கதை. போன வாரம் அந்த மேம்பாலத்துக்குக் கீழே போக்குவரத்துக் காவலர் நிறுத்தி ஆர்.சி., இன்ஷூரன்ஸ் கேட்டார். "இது சைக்கிள் சார்" என்றேன். "ஆக்சிலேட்டர் இருக்கே" என்றார். அடுத்த தடவை வண்டியைத் தூக்கிவிடுவோம் என்று எச்சரித்து அனுப்பினார். 250 வாட் வரை எதுவும் தேவையில்லை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அவர் கேட்டது சரியா? 15 வயதுப் பேரன் டியூஷனுக்கு இதில்தான் போகிறான். என் மச்சான் 350 வாட்டில் ஒன்று கேட்கிறார். தெருவில் இன்னும் நான்கு பேர் காசு கொடுக்கத் தயார். செய்து கொடுக்கலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஐயா, படங்களைப் பார்த்தேன். கன்ட்ரோலரை எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் வைத்து, மூடியைப் பழைய ட்யூபை வெட்டிக் கட்டியிருக்கிறீர்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் தகட்டின் வெல்டிங்கைப் பார்த்து என் குமாஸ்தா "கை தேர்ந்த கை சார்" என்றார். அதே படத்தில், பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் ஓட்டை தெரிகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தக் காவலர் கேட்டதில் தப்பில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். "250 வாட் வரை எதுவும் வேண்டாம்" என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் பிரிவு 2(28) எது மோட்டார் வாகனம் என்று சொல்கிறது. இயந்திர சக்தியால் ஓடும், சாலையில் பயன்படுத்தத் தக்க எந்த வண்டியும் மோட்டார் வாகனம்தான். நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, எஞ்சின் 25 சி.சி.க்கு மேற்படாமல் இருந்தால் விலக்கு. இதைப் பிடித்துக்கொண்டு, "மின் மோட்டாருக்கு சி.சி.யே கிடையாது, பூஜ்யம் 25-க்குள்தானே" என்று வாதாடுபவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். எதிர்த்தரப்பில் நான் நின்றால் ஒரே கேள்விதான் கேட்பேன்: அப்படியானால் தெருவில் ஓடும் மின் ஸ்கூட்டர்கள் எதற்குப் பச்சை நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு போகின்றன? அந்த வாதத்தை நம்பி வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

மின்சார வண்டிக்கான விலக்கு வேறு இடத்தில் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் விதி 2(யு). பேட்டரியில் மட்டும் ஓடும் வண்டி எப்போது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது என்று அது சொல்கிறது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன், அதாவது அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி, 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். பெடல் உதவியோடு ஓடும் சைக்கிள் என்றால், வேகம் கூடக் கூட மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து 25-ல் நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். ஒழுங்கான பிரேக், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

இவ்வளவுதானே, என் வண்டியில் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். அந்த நிபந்தனைகளுக்கெல்லாம் தலைப்பாக ஒரு வாசகம் இருக்கிறது: இவற்றை விதி 126-ல் சொல்லப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்து அங்கீகரித்திருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்றவை அந்த நிறுவனங்கள். நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. இருக்கிறது. கடையில் விற்கும் மின் சைக்கிளுக்கு அதைத் தயாரித்த கம்பெனி இந்தச் சான்றை ஒரு மாடலுக்கு ஒரு தடவை வாங்கிவிடும். அதே மாடலில் ஆயிரம் வண்டி விற்றாலும் அது போதும். உங்கள் வண்டி உலகத்திலேயே ஒன்றுதான். ஒற்றைச் சைக்கிளுக்காக ஒரு தனி ஆள் அந்தச் சோதனைக்குப் போவது கட்டுப்படியாகிற காரியமில்லை.

ஆக, எண்களெல்லாம் சரியாக இருந்தாலும் சான்று இல்லாத வரை உங்கள் வண்டி ஏட்டின்படி மோட்டார் வாகனம்தான். சரி, பதிவு செய்துவிடலாமே என்றால், அந்தக் கதவும் சாத்தியே இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 20-ல் விண்ணப்பம் கொடுத்தால் கூடவே படிவம் 21 கேட்பார்கள், அது விற்பனைச் சான்று. படிவம் 22 கேட்பார்கள், அது தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று. விற்றவர் நீங்களே, தயாரித்தவரும் நீங்களே என்றால் எந்த கிளார்க் அதை வாங்குவார்?

இனி உங்கள் பற்சக்கரக் கணக்குக்கு வருகிறேன். சட்டத்தைவிட இதில்தான் எனக்கு ருசி தட்டியது. 300 சுற்று, 9 பல், பின்னால் 18 பல். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 150 தடவை சுற்றும். 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும். நிமிடத்துக்கு 330 மீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. விதிக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தீர்கள். 14 பல்லுக்கு மாற்றியதும் சக்கரம் 193 சுற்று, மணிக்கு 25.5 கிலோமீட்டர். ஒரு ஃப்ரீவீலைக் கழற்றி இன்னொன்றை மாட்டியதில், அந்த அரை கிலோமீட்டரில், கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 24 வோல்ட் என்பது பேட்டரியின் பெயர் மட்டும்தான். படத்தில் உங்கள் பேக் ஏழு செல் வரிசையாகத் தெரிகிறது. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 29.4. இந்த மாதிரி பிரஷ் மோட்டாரின் வேகம் வோல்ட்டேஜோடு சேர்ந்தே ஏறும். காலையில் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பும்போது 14 பல்லில் வண்டி 31 வரைக்கும் போகும். அதே நேரத்தில் 18 பல் என்றால் 24 சொச்சம்தான். உங்கள் எடையும் எதிர்காற்றும் கொஞ்சம் குறைக்கும், ஆனால் நீதிமன்றத்தில் எதிர்காற்றைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. திரும்ப 18 பல்லைப் போடுங்கள். மேம்பாலத்தில் கன்ட்ரோலர் சுடுவதும் அதோடு தணியும். 14-க்குப் போனதில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை சுமார் 22 சதவீதம் குறைந்துவிட்டது. ஏற்றத்தில் அதை ஈடுகட்ட மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கிறது. ஃபிட்டருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

வாட் கணக்கிலும் ஒரு முள் உண்டு. விதி "0.25 கிலோவாட்டுக்குக் குறைவு" என்கிறது. உங்கள் மோட்டார் லேபிளில் சரியாக 250 வாட். முப்பது நிமிடத் திறன் என்பது சோதனைக்கூடத்தில் அளப்பது, லேபிளில் அச்சடித்திருப்பதே அது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ரோட்டில் நிறுத்துகிறவர் கையில் சோதனைக்கூடமா இருக்கும்? லேபிளைத்தான் படிப்பார். மச்சான் கேட்கும் 350 வாட்டை அதனால்தான் மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதற்கு வாதாட ஒரு வரி கூட மிஞ்சாது.

ஆக்சிலேட்டர் விஷயம் கொஞ்சம் வழுக்கல். சான்று வாங்கிய குறைந்த வேக மின் ஸ்கூட்டர்களிலும் ஆக்சிலேட்டர் உண்டு, அதனால் ஆக்சிலேட்டர் இருந்தாலே மோட்டார் வாகனம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "இது சைக்கிள் சார்" என்று நீங்கள் சொல்லும்போது, மிதிக்காமலே ஓடினால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு போய்விடுகிறது. மிதித்தால் மட்டும் மோட்டாரை ஓடவிடும் பெடல் சென்சார் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். அதைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரைக் கழற்றிவிடுங்கள்.

மாட்டினால் என்ன ஆகும்? பதிவில்லாமல் ஓட்டியதற்குப் பிரிவு 192-ன் கீழ் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்ஷூரன்ஸ் இல்லாததற்குப் பிரிவு 196-ன் கீழ் 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட்டுக்கு 1,000. உங்களிடம் டூவீலர் லைசென்ஸ் இருந்தால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கான பிரிவு 181 வராது. பிரிவு 207-ன் கீழ் வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு. பிடித்தால் சண்டை போடாமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கு பதிந்து வண்டியை வைத்திருந்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 503-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டுக் கேட்கலாம். மோட்டார் பில், பல் எண்ணிக்கை, அளந்த வேகம் எல்லாம் அப்போது கை கொடுக்கும். ஒருவேளை "வண்டியை மாற்றியமைத்தாய்" என்று பிரிவு 182ஏ(4)-ஐ எழுதினால் மட்டும் மறுத்து வாதாடுங்கள். அது மோட்டார் வாகனத்தை மாற்றுபவருக்கான பிரிவு. நீங்கள் மாற்றியது ஒரு சைக்கிளை.

அபராதத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. எனக்குப் பயமெல்லாம் விபத்தில்தான். சி.டி.எச். ரோட்டில் யாரோ ஒரு அம்மா குறுக்கே வந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அவர்கள் பிரிவு 166-ன் கீழ் இழப்பீடு கேட்டு வருவார்கள். சென்னையில் அந்தத் தீர்ப்பாயம் சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி இருந்தால் அது கட்டும். உங்கள் வழக்கில் எதிர்மனுதாரர் நீங்கள் ஒருவர் மட்டும்தான். ஓய்வுக் காலப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பழைய ராடு பிரேக் மழையில் எவ்வளவு பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

விற்பனை வேண்டவே வேண்டாம். ஒன்று செய்து நீங்களே ஓட்டினால் அது உங்கள் தொல்லை. நான்கு செய்து காசு வாங்கினால் உங்களைத் தயாரிப்பாளர் என்று சொல்லிவிடுவார்கள். பிரிவு 182ஏ(1)-ன் கீழ் ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ராத்திரி யார் வீட்டிலாவது சார்ஜில் இருக்கும்போது பேட்டரி பற்றிக்கொண்டால், 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. "தெரிந்தவருக்குத்தான் சார் செய்து கொடுத்தேன், கூலி மட்டும் வாங்கினேன்" என்பது அங்கே எடுபடாது. மச்சானுக்கு அவ்வளவு ஆசை என்றால் சான்று உள்ள மின் சைக்கிளைக் கடையில் வாங்கச் சொல்லுங்கள். வாங்கும்போது சான்றின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அது முழு வண்டிக்கானதா, மோட்டாருக்கு மட்டுமானதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சைக்கிளில் மாட்டும் கிட் விற்பவர்கள் சிலர் இரண்டாவதைக் காட்டி முதலாவது போலப் பேசுவார்கள்.

உங்கள் வண்டியை என்ன செய்வது? 18 பல், பெடல் சென்சார், முன்னும் பின்னும் ரிஃப்ளெக்டர், நல்ல பிரேக். இவ்வளவும் செய்தால் நிறுத்துகிறவரிடம் மரியாதையாகப் பேச உங்களுக்கு இடம் இருக்கும், நீதிமன்றத்தில் எனக்கும் இருக்கும். ஆனால் சான்று இல்லாத குறை அதனால் தீராது. அதைத் தெரிந்துகொண்டு ஓட்டுவதா, நிறுத்திவைப்பதா என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், மெயின் ரோடு பக்கம் கொண்டு போகாதீர்கள் என்பேன்.

பேரன் விஷயத்தில் மட்டும் முடிவை உங்களிடம் விடமாட்டேன். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 199ஏ-ன்படி, சிறார் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. உங்கள் வீட்டில் பாதுகாவலர் உங்கள் மகன், உரிமையாளர் நீங்கள். எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபித்தால் தப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. டியூஷனுக்கு இதில்தான் போகிறான் என்று எனக்கே எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

டியூஷன் எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. எவ்வளவாக இருந்தாலும் அவன் போகிற நாட்களில் பேட்டரியை வீட்டில் எடுத்து வைத்துவிட்டு, மோட்டார் பக்கத்துச் செயினைக் கழற்றி விடுங்கள். பதினைந்து வயதுக் கால், மிதிக்கட்டும்.