தலைப்பைப் பதிந்தேன், போஸ்டர் இன்னொருவருடையது!

கேள்வி: முதல் படம் எடுக்கிறேன். ஒரு தயாரிப்பாளர் சங்கத்தில் 'வடக்குக் கிணறு' என்று தலைப்பைப் பதிந்து ரசீதும் வாங்கினேன். போன வாரம், வேறு சங்கத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி அதே பெயரில் ஃபர்ஸ்ட் லுக் வெளியிட்டுவிட்டது. தடுக்க முடியாதா?
- வாசகர், மதுரை

பதில்: அந்த ரசீதை மட்டும் வைத்துத் தடுப்பது கஷ்டம். சங்கப் பதிவு உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, வெளியாரைக் கட்டுப்படுத்தாது. பதிப்புரிமையும் கைகொடுக்காது. 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படத்தின் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம், வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று சொல்லிவிட்டது.

அதற்காகச் சங்கம் வீண் என்று நினைக்காதீர்கள். திரைப்பட வர்த்தக சபை, தயாரிப்பாளர்கள் சங்கம், கில்டு எனும் இன்னொரு தயாரிப்பாளர் அமைப்பு என்று பல இடங்களில் தலைப்பு பதிவதால்தான் இப்படி மோதல் வருகிறது. ஆனால் கோர்ட் செலவில்லாமல் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவும் அவர்களால்தான் முடியும்.

இன்றே ரசீதை எடுத்துப் பாருங்கள். பதிவு காலாவதியாகிவிட்டதா? புதுப்பித்த ரசீது இருக்கிறதா? எழுத்து எப்படி இருக்கிறது? 'வடக்குக் கிணறு', 'வடக்கு கிணறு': ஒரு 'க்' போதும், 'எங்களுடையது வேறு தலைப்பு' என்று எதிர்த்தரப்பு வாதாட. ஆங்கில எழுத்திலும் பதிந்திருந்தால் நல்லது. பிறகு ரசீது நகலோடு உங்கள் சங்கத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, எதிர்த்தரப்புச் சங்கத்துக்கும் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். போனில் பேசியது பின்னால் நிற்காது.

பேச்சு முறிந்தால், மக்கள் மனதில் அந்தப் பெயர் முதலில் யாருடைய படமாகப் பதிந்தது என்பதே நீதிமன்றத்தில் எடுபடும். அதனால் நாளிதழ் விளம்பரம், யூடியூப் பதிவேற்றம், பூஜை அழைப்பிதழ், நடிகர் ஒப்பந்தம் எல்லாவற்றையும் தேதியோடு கோப்பில் வையுங்கள். பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பிக்கலாம். தனிநபர் ஆன்லைனில் செலுத்த வேண்டியது 4,500 ரூபாய். ஆனால் அது உடனே கிடைக்காது. அரசின் டிரேட்மார்க் இதழில் விண்ணப்பம் வெளியான பிறகு 4 மாதம் ஆட்சேபணைக்கு ஒதுக்கப்படுகிறது. ஒற்றைப் படத்தின் தலைப்பைவிட, தொடராக வரும் படங்களின் தலைப்புக்கே அதில் பலம் அதிகம்.

தலைப்பு முடிவாகாமல் சென்சாருக்குப் போகாதீர்கள். சான்றிதழ் வாங்கிய பிறகு பெயரை மாற்றினால் அங்கே மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும்.

'எங்களிடம் பதியாத படத்துக்குத் தியேட்டர் கிடைக்காது' என்று யாராவது மிரட்டினால் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பதிவைக் கட்டாயமாக்கிப் படங்களுக்கு முட்டுக்கட்டை போட்ட திரைப்பட அமைப்புகளுக்கு 2012-இல், வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. மிரட்டலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தந்தால் அந்தக் கடிதம் வக்கீல் கைக்குப் போகட்டும்.